வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே காப்பி காயவைத்தல்: தாண்டிக்குடித் தோட்டம் ஒன்றின் செய்முறைப் பதிவு

எங்கள் தோட்டத்தின் மேற்குச் சரிவில் நிற்கும் எஸ்.795 என்ற காப்பி ரகச் செடிகளிலிருந்து மட்டும் பறித்த 30 கிலோ பழம், ஐந்து கிலோவுக்குச் சற்றே குறைவான பச்சைக் கொட்டையாகி, வறுபட்டு, சாக்கு வாடையோ பூசண வாடையோ இல்லாமல் கோப்பைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்கு அருகே சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் இதே சரிவின் காப்பி முந்தைய பருவங்களில் ஏதாவது ஒரு கட்டத்தில் கெட்டுக்கொண்டே இருந்தது. பறிப்பிலும் புளிக்கவைப்பதிலும் எவ்வளவு கவனம் செலுத்தினாலும் கடைசியில் ஈரச் சணலின் நெடி வந்துவிடும். இந்தப் பருவத்தில் மாறியது பெரும்பாலும் காயவைத்த விதம்தான் என்பதால், அந்தக் கட்டத்தை விரிவாகவும் மற்றவற்றைத் தேவையான அளவிலும் எழுதுகிறேன்.

சிக்கமகளூர், குடகுத் தோட்டங்களின் வழிமுறையைக் கீழ்ப்பழனி மலையில் அப்படியே பின்பற்ற முடியாததற்கு முதல் காரணம் மழைதான். அங்கே தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்து ஓய்ந்த பிறகு, நவம்பரிலிருந்து ஜனவரி வரை பெரும்பாலும் வறண்ட வானிலையில் அராபிகா அறுவடை நடக்கிறது. சிமென்ட் களத்தில் பரப்பினால் வெயில் தன் வேலையைச் செய்துவிடும். நமக்கோ பழம் சிவக்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரமும் ஒன்று. காலையில் மூடுபனி, நண்பகலில் இரண்டு மணி நேர வெயில், மூன்று மணிக்கு மழை என்று போகும் நவம்பர் மாதத்தில் தோல் நீக்கிய கொட்டையைக் களத்தில் போட யாருக்கும் துணிவு வருவதில்லை. எனவே இங்குள்ள சிறு தோட்டக்காரர்களில் பலர் பழத்தை முழுசாகவே உலர்த்திச் செர்ரியாகச் சாக்கில் கட்டி, பட்டிவீரன்பட்டிக்கோ வத்தலக்குண்டுக்கோ இறக்கிவிடுகிறார்கள். அங்கே போனபின் எந்தச் சாக்கு எந்தச் சரிவினுடையது என்ற பேச்சுக்கே இடமில்லை.

காப்பி வாரியம் ‘புல்னீஸ்’ என்ற பெயரில் இம்மலையைத் தனி வட்டாரமாகக் காட்டினாலும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஐந்து காப்பிகள் குடகு, சிக்கமகளூர், பாபாபுடன்கிரி, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் அராபிகாவும் வயநாட்டு ரொபஸ்டாவும்தான். எங்கள் தோட்டத்தில் காப்பிக்கு நிழலாக நிற்கும் விருப்பாச்சி மலை வாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு, அதன் அடியில் காய்க்கும் காப்பிக்கு இல்லை என்பதை விருந்தினர்களிடம் சொல்லிச் சிரிப்பது வழக்கம். சிங்கிள் ஆரிஜின் என்று பையில் அச்சிடுவதற்கு முன்னால், அந்தப் பையிலுள்ளது ஒரே சரிவின், ஒரே ரகத்தின், ஒரே பறிப்பின் காப்பிதான் என்று நமக்கே உறுதியாகத் தெரிய வேண்டும் என்பதே இந்த முயற்சியின் தொடக்கம்.

பழம்

எஸ்.795 என்பது பாலேஹொன்னூரில் உள்ள மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையம் 1940-களில் வெளியிட்ட ரகம்; எஸ்.288-ஐயும் கென்ட் ரகத்தையும் கலப்பினம் செய்து உருவாக்கியது. செடி உயரமாகப் போகும், பழம் ஒரே நேரத்தில் பழுக்காது. மார்ச், ஏப்ரலில் பூ மழை எத்தனை தவணையாகப் பெய்ததோ அத்தனை தவணையாகப் பழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கீழ்ச் சரிவில் காவேரி ரகமும் இருக்கிறது; அது குட்டை, நெருக்கமாகக் காய்க்கும், ஏறக்குறைய ஒன்றாகவே பழுக்கும், ஆனால் கொட்டையின் அளவும் காயும் வேகமும் வேறு. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் ஒன்று புளித்து முடிவதற்குள் மற்றொன்று அரைகுறையாக நிற்கும். ஆகையால் காவேரியை வழக்கம்போல் செர்ரிக்கு விட்டுவிட்டு மேற்குச் சரிவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எந்தப் பழம் பறிக்கத் தக்கது என்பதை நிறத்தால் மட்டும் முடிவு செய்தால் ஆளுக்கு ஆள் வேறுபடும். கம்பத்தில் திராட்சை பயிரிடும் உறவினர் ஒருவரிடம் இனிப்பளவு பார்க்கும் கைக்கருவி இருந்தது. பழத்தை நசுக்கி அதன் சாற்றில் ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், ஆரஞ்சு கலந்த சிவப்புப் பழம் 15, 16 என்றும், முழுக்கச் சிவந்து இலேசாகக் கருஞ்சிவப்புக்குத் திரும்பும் பழம் 20, 21 என்றும் காட்டியது. இரண்டு வகையிலும் ஒரு பிடியை ஒரு தட்டில் வைத்துப் பறிப்பவர்களிடம் காட்டிய பிறகு கருவி தேவைப்படவில்லை. பழத்தை இரு விரலால் அழுத்தும்போது இரண்டு கொட்டைகளும் முக்காமல் வழுக்கி வெளியே வந்தால் அது பறிக்க வேண்டிய பழம்.

கூலியைக் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசினால் இந்த வேலை நடக்காது. கண்ணில் படுவதையெல்லாம் உருவினால் ஒருவர் ஒரு நாளில் பறிப்பதில் பாதியளவுதான், தேர்ந்து பறிக்கும்போது கூடையில் சேரும். எனவே நாள்கூலியாக ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்து, இரண்டு பேரை மதியம் வரை மட்டும் பறிக்கச் சொன்னேன்.

பறித்த பழத்தைத் தண்ணீர் நிறைத்த பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி, மேலே மிதந்தவற்றை அரிகூடையால் வாரி எடுத்தோம். மிதப்பவற்றில் பலவற்றின் நுனிக் குழியில் ஊசி முனையளவு துளை இருந்தது. 1990-இல் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட காய்த்துளைப்பான் வண்டின் வேலை அது. இன்று எந்தத் தோட்டமும் அதற்கு விலக்கு இல்லை. மிதவையைக் குப்பையில் கொட்டாமல், கொதிநீரில் முக்கி எடுத்துத் தனியே காயப்போட்டோம். அப்படியே கொட்டினால் உள்ளே இருக்கும் வண்டு மறுபடி செடிக்கே திரும்பிவிடும். மிதவை போகத் தராசில் நின்றதுதான் அந்த 30 கிலோ.

பல்ப்பரும் தொட்டியும்

பழத்தோல் உரிக்கும் கைப்பல்ப்பர், பழையதாக 9,000 ரூபாய்க்குக் கிடைத்தது. செம்புத் தகட்டில் குமிழ்களாக எழும்பிய உருளை ஒன்று, அதற்கு எதிரே ஒரு தகட்டுப்பட்டை, இரண்டுக்கும் இடையிலான இடைவெளியைக் கூட்டிக் குறைக்க இரு பக்கமும் ஒவ்வொரு போல்ட், இவ்வளவுதான் இயந்திரம். அந்த இடைவெளி இரு முனைகளிலும் ஒன்றாக இல்லாவிட்டால், ஒரு பக்கம் தோல் உரியாமல் பழம் அப்படியே விழும், மறுபக்கம் கொட்டை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட கொட்டையின் காயத்தில் புளிப்பு முதலில் ஏறுவதால், தொட்டி முழுவதன் மணத்தையும் அது கெடுத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பழத்தை மட்டும் ஓட்டி, விழுந்த கொட்டையில் ஒரு பிடியைக் கையில் பரப்பி எண்ணிப் பார்த்து, போல்ட்டைக் கால் திருகு அளவு மாற்றி, மறுபடி ஓட்டினோம். வெட்டுக் கொட்டை நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்கு வந்ததும், தோல் கொஞ்சம் கலந்து விழுந்தாலும் பரவாயில்லை என்று நிறுத்திக்கொண்டோம். தோலைக் கையால் பொறுக்கலாம், வெட்டை ஒட்டவைக்க முடியாது. பறித்த அன்றே, இருட்டுவதற்குள், பல்ப்பர் வேலை முடிந்துவிட வேண்டும்.

தோல் நீங்கிய கொட்டையின் மேல் இருக்கும் கொழகொழப்பு கரைவதற்காகத் தண்ணீர் ஊற்றாமல் தொட்டியிலேயே மூடி வைத்தோம். இதற்கு எத்தனை மணி நேரம் என்பதில்தான் முந்தைய பருவங்களில் குழப்பம் இருந்தது. அராபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் தொட்டியின் வெப்பம் அதைத் தலைகீழாக மாற்றிவிடும். எங்கள் மலையில் நவம்பர் இரவு 15 டிகிரிக்கு இறங்குவதுண்டு. கைபேசியில் நேரம் குறித்து 24 மணியில் கழுவிய கொட்டையில் வழவழப்பு மிச்சமிருந்து, அது காயும்போது பழுப்பாகப் படிந்து பூசணத்துக்கு இடம் கொடுத்த அனுபவம் உண்டு.

இந்த முறை கடிகாரத்தை ஒதுக்கிவிட்டு, பல ஆண்டுகள் பெரிய எஸ்டேட்டில் தொட்டி வேலை பார்த்த அம்மா ஒருவரை அழைத்தேன். அவர் ஒரு குச்சியைக் குவியலின் நடுவில் அடிவரை செருகி, மெல்ல உருவி எடுத்தார். முதல் நாள் மாலை குச்சி வெளியே வந்ததும் குழி தானாக மூடிக்கொண்டது. மறுநாள் காலையில் குழியின் வாய் மட்டும் நின்றது. அன்று இரவு, ஏறத்தாழ 30 மணி நேரம் கழிந்த நிலையில், குச்சியை உருவிய பிறகும் குழி அடிவரை அப்படியே நின்றது. ஒரு பிடி கொட்டையை எடுத்துத் தண்ணீரில் அலசி உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்துக் காட்டிவிட்டு, “ஆத்துக் கூழாங்கல்லு மாதிரி நரநரன்னு வரணும் தம்பி, வழுக்குச்சுன்னா இன்னும் ஆகல” என்றார். அதற்கு மேல் எந்தக் கருவியும் தேவையில்லை; ஆனாலும் ஆவலால் புளிப்பளவு காட்டும் காரகாடித் தாளை நனைத்துப் பார்த்தேன், அது 4-க்கும் 5-க்கும் இடைப்பட்ட நிறத்தைக் காட்டியது.

நான்கு முறை தண்ணீர் மாற்றிக் கழுவினோம். கழுவிய நீர் புளிப்பானது, ஓடையில் விட்டால் கீழே இருப்பவர்களுக்குக் கேடு. சுண்ணாம்பு தூவிய குழி ஒன்றில் அதை இறக்கிவிட்டு, பழத்தோலைச் சாணத்தோடு எருக்குழியில் சேர்த்தோம். நீர் வடிந்தபின் நின்றது, பார்ச்மென்ட் எனப்படும் ஓட்டுடன் கூடிய ஈரக் கொட்டை.

காயவைக்கும் மேடை

முந்தைய பருவங்களில் நாங்கள் செய்தது ஊரில் எல்லோரும் செய்வதுதான். சிமென்ட் களத்தில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கொட்டையைப் பரப்பி, மழை வந்தால் நான்கு மூலையையும் மடக்கி மூடுவோம். ஈரமான கொட்டை மூடிய தார்ப்பாய்க்குள் வியர்க்கிறது. மழை விட்டுத் திறக்கும்போது உட்புறத்தில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கும். ஓர் இரவு அப்படி இருந்தாலே ஓட்டின் வெண்மை போய்ச் சாம்பல் புள்ளி விழுந்துவிடும். தரையின் ஈரம் வேறு கீழிருந்து ஏறும். எனவே தரையிலிருந்து உயர்த்திய மேடை, அதன்மேல் நிலையான கூரை என்று முடிவு செய்தோம்.

மேடை 10 அடி நீளம், 4 அடி அகலம், இடுப்பளவு உயரம். கால்களும் குறுக்குச் சட்டங்களும் எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் கிளைகள். நிழல் சீராக்க வெட்டியவை என்பதால் அதற்குக் காசில்லை. சட்டத்தின் மேல் கோழி வலையை இழுத்துக் கட்டி, அதற்கு மேல் நைலான் கொசுவலையை விரித்தோம். கோழி வலை பாரம் தாங்கும், கொசுவலை கொட்டை விழாமல் தடுக்கும், காற்று இரண்டின் வழியாகவும் மேலேறும். கொசுவலையின் ஓரங்களை மேடையின் விளிம்புக்கு மேல் நான்கு விரல் உயர்த்திக் கட்டாவிட்டால், கிளறும்போது கொட்டை சிதறும்.

கூரைக்கு முக்கால் அங்குல ஜிஐ குழாய்களை வளைத்து, 200 மைக்ரான் யூவி பாலித்தீன் ஷீட்டைப் போர்த்தினோம். முதல் வடிவில் இரு பக்கங்களையும் தரைவரை இறக்கிப் பசுமைக்குடில் போல் மூடியிருந்தோம். மழைக்குளிரில் உள்ளே வெப்பம் சேர்ந்தால் நல்லது என்பது கணக்கு. நடந்தது வேறு. வெயில் அடித்த அந்த இரண்டு மணி நேரத்தில் கொட்டையின் இடையே செருகிய வெப்பமானி 46 டிகிரி காட்டியது; வெளியே காற்று 23 டிகிரிதான். கொட்டை 40 டிகிரியைத் தாண்டினால் ஓடு வெடித்து, உள்ளே இருப்பது வெளுக்கும். மறுநாள் விடியற்காலையில் ஷீட்டின் உட்புறத்தில் ஆவி குளிர்ந்து துளித்துளியாகக் கொட்டைமேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாய்க்குள் நடந்தது கொஞ்சம் பெரிய அளவில் நடந்தது, அவ்வளவுதான்.

ஓர வரிசையில் ஓடு வெடித்த கொட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கூரையை மாற்றினோம். பக்கவாட்டு ஷீட்டைச் சுருட்டி மேலே கட்டி, மேடையின் விளிம்பிலிருந்து ஓரடி வரை மட்டும் தொங்கவிட்டோம். வளைவின் உச்சி 7 அடியிலிருந்து 9 அடிக்கு உயர்ந்தது. இரண்டு முனைகளையும் திறந்துவிட்டு, மேடையின் நீளவாக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பிவைத்தோம். மேடையைத் தூக்கித் திருப்பப் பாதிநாள் ஆனது. முதலிலேயே காற்றின் திசையைப் பார்த்து நட்டிருந்தால் அது மிச்சம். நண்பகலில் மட்டும் விரிக்கப் பாதி நிழல் தரும் பச்சை நிழல்வலை ஒன்றையும் கம்பியில் கோத்துவைத்தோம். அதன்பின் வெப்பமானி 37-க்கு மேல் ஏறவில்லை, உட்புறத் துளிகளும் நின்றுவிட்டன. கூரைக்குக் கீழே மழை நாளிலும் காற்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுதான் பெரும்பகுதி ஈரத்தை எடுத்துச் சென்றது. எங்கள் மலையில் காப்பியைக் காயவைப்பது வெயில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை இந்த மேடை மாற்றிவிட்டது.

முதல் மூன்று நாட்கள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, பகலில் அரைமணிக்கு ஒருமுறை கையால் கிளறினோம். ஓட்டின் மேலிருக்கும் ஈரம் வேகமாகப் போக வேண்டிய கட்டம் இது. அதன்பின் நான்கு சென்டிமீட்டர் வரை கூட்டி, மெதுவாகப் போகவிட்டோம். இரவில் கொட்டையைக் குவித்து வெள்ளைப் பருத்தி வேட்டியால் மூடினால் மூடுபனி ஈரத்தை அது மறுபடி குடிப்பதில்லை.

ஈரப்பதமானி வாங்க மனமில்லை, விலை அதிகம். அதற்குப் பதிலாக, கழுவி நீர் வடிந்த அன்றே 500 கிராம் ஈரக் கொட்டையை ஒரு வலைப்பையில் கட்டி, மேடையில் மற்ற கொட்டையோடு அதே கனத்தில் பரப்பிவைத்தேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு கிராம் துல்லியத் தராசில் அதை எடை போட்டேன். கணக்கு எளிது: தொடக்கத்தில் ஈரம் 53 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் 500 கிராமில் உலர்பொருள் 235 கிராம், ஈரம் 11 விழுக்காட்டுக்கு இறங்கும்போது அந்த 235 கிராம் மொத்தத்தில் 89 விழுக்காடாக இருக்க வேண்டும், அப்படியானால் பை 264 கிராம் காட்ட வேண்டும். தொடக்க ஈரத்தை ஊகித்துத்தான் எடுக்கிறோம் என்பதால் ஐந்தாறு கிராம் முன்பின் வரலாம், ஆனால் போக்கு தெளிவாகத் தெரியும். மழை விடாமல் பெய்த நாட்களில்கூட எடை ஏறவில்லை; நின்ற இடத்தில் நின்றது, அல்லது மூன்று நான்கு கிராம் குறைந்தது. தார்ப்பாய்க் காலத்தில் இந்த நாட்களில்தான் எல்லாம் கெட்டது.

தராசோடு கண்ணும் வேண்டும். தினமும் நாலைந்து கொட்டைகளின் ஓட்டை நகத்தால் கீறி உள்ளே பார்த்தேன். முதலில் வெளுத்து, பின்பு கண்ணாடி போன்ற கருமை ஏறி, கடைசியில் அந்தக் கருமை விலகிச் சாம்பல் கலந்த பச்சையாக வந்து நிற்கிறது. கருமை விலகாத கொட்டையைப் பல்லால் கடித்தால் பதிந்து கொடுக்கும். முடிந்த கொட்டை கொடுக்காது, ஓட்டுக்குள் குலுங்கும். இரண்டு வாரத்துக்கும் சற்று மேலானபோது பை 265 கிராமில் நின்றது. மலையிறங்கியபோது தெரிந்த வியாபாரி ஒருவரின் ஈரப்பதமானியில் ஒரு பிடியை வைத்துப் பார்த்தால் 11.2 காட்டியது. மேடையிலிருந்து எடுத்த ஓட்டுக் கொட்டை ஆறு கிலோவும் கொஞ்சமும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஜிஐ குழாய்கள் சுமார் 4,000, யூவி ஷீட் 1,300, நிழல்வலையும் கொசுவலையும் 1,100, கோழி வலை 900, கட்டுக்கம்பி, ஆணி, கிளாம்பு எல்லாம் 600, தச்சருக்கும் உதவியாளுக்கும் கூலி 2,200. கூட்டினால் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். ஷீட்டை மழைக்காலம் முடிந்ததும் கழற்றி நிழலில் சுருட்டி வைத்தால் மூன்று பருவமாவது தாங்கும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

ஓடு நீக்குதலும் பொறுக்குதலும்

ஓட்டோடு இருக்கும்வரை கொட்டை பாதுகாப்பாக இருக்கும் என்பதால், காற்றுப் புகாத தானியப் பையில் கட்டி, அதைச் சணல் சாக்குக்குள் வைத்து, மரப்பலகைமேல் இரண்டு மாதம் விட்டுவைத்தோம். ஓடு நீக்க ஆலைக்குக் கொண்டுபோவதில் இரண்டு சிக்கல்: ஆறு கிலோவுக்காக யாரும் இயந்திரத்தை ஓட்டமாட்டார்கள், ஓட்டினாலும் அதற்கு முன் ஓடிய காப்பியின் மிச்சம் நம்முடையதில் கலக்கும். வீட்டு உரலில் அரைக்கிலோ அரைக்கிலோவாகப் போட்டுக் குத்தினோம். உலக்கையின் இரும்புப் பூண் கொட்டையை உடைத்ததால், பூணின் மேல் பழைய போர்வைத் துணியை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினோம். பிறகு முறத்தில் புடைத்தால் ஓடு பறந்துவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளிச் சவ்வு முழுதாகப் போகாது, வறுக்கும்போது அது தானே உதிரும்.

ஆலைகளில் பிளாண்டேஷன் ஏ என்று தரம் பிரிக்கும் சல்லடையின் துளை 6.65 மி.மீ., பி தரத்துக்கு 6 மி.மீ. தகட்டுச் சல்லடை செய்பவரிடம் சொல்லி இரண்டையும் துளையிட்டு வாங்கினேன். ஒரே கொட்டையாக உருண்டு நிற்கும் பீபெரியைத் தட்டைச் சாய்த்து உருட்டிப் பிரித்தோம். கால் கிலோ தேறியது. அடுத்தது பொறுக்கல். சிறப்புத் தரம் என்று சொல்வதற்கான சர்வதேச அளவுகோலில் 350 கிராம் மாதிரியில் கருங்கொட்டை, புளித்த கொட்டை போன்ற பெரிய குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. உடைசல், இலேசான வண்டுத்துளை போன்ற சிறு குறைகள், பலவற்றைச் சேர்த்து ஒரு முழுக் குறையாக எண்ணும் கணக்கில், ஐந்துக்கு மேல் போகக் கூடாது. வெள்ளைத் துணியில் 350 கிராமைப் பரப்பி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால், பெரிய குறை இல்லை, சிறு குறை அந்த அளவைத் தாண்டியது. பெரும்பாலும் உலக்கை உடைசலும், மிதவையில் தப்பிய துளைக் கொட்டையும். கையால் பொறுக்கிய பிறகே கணக்குக்குள் வந்தது. பொறுக்கியதும் பீபெரியும் போக விற்பனைக்குக் காட்டத்தக்கது நாலரை கிலோ.

வறுவலும் சுவையும்

கையால் சுழற்றும் சிறு உருளையில், அடுப்பு வாயுவின் மேல், 250 கிராம் வீதம் வறுத்தேன். உருளை 180 டிகிரிக்கு வந்ததும் கொட்டையைப் போட்டு, ஐந்தாம் நிமிடத்தில் மஞ்சளாகி வைக்கோல் மணம் வந்து, ஒன்பதாம் நிமிடத்தில் 198 டிகிரி அளவில் முதல் வெடிப்புச் சத்தம் தொடங்கியது. அதிலிருந்து ஒன்றரை நிமிடத்தில் கொட்டிவிட்டு, விசிறிக்கு முன் சல்லடையில் பரப்பி ஆற்றினேன். 250 கிராம் 214 ஆனது. எடை இழப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு. கும்பகோணம் டிகிரி காப்பிக்கு வறுப்பதுபோல் எண்ணெய் கசியும்வரை வறுத்தால், சாக்கு வாடையும் அதில் மறைந்துவிடும், சரிவின் குணமும் மறைந்துவிடும். நான் தேடியது அந்த வாடை இருக்கிறதா இல்லையா என்பதையே என்பதால் இளவறுவல்தான் சரி.

சுவை பார்க்க 150 மில்லி நீருக்கு 8.25 கிராம் தூள், நீர் 93 டிகிரி. எங்கள் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால், அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்தாலே போதும். முந்தைய பருவத்து மிச்சத்தையும் அதே அளவில் பக்கத்தில் வைத்தேன். நான்காம் நிமிடத்தில் மேலே படிந்த தூளைக் கரண்டியால் உடைத்தபோது பழையதிலிருந்து நனைந்த சணலின் மணமும், புதியதிலிருந்து கமலா ஆரஞ்சுத் தோலும் வெல்லப்பாகும் கலந்த மணமும் எழுந்தன. ஆறும்போது பழையது கசப்பும் துவர்ப்பும் ஆகியது. புதியதில் புளியின் சாயலுள்ள இலேசான புளிப்பு தெளிந்தது, அது எஸ்.795-க்கு வழக்கமாகச் சொல்லப்படும் குணம். புளிப்புக் குறைவு, நடுத்தரக் கனம் என்றுதான் சொல்வேன். எத்தியோப்பியக் காப்பியின் பூ மணத்தை எதிர்பார்த்து வருபவருக்கு இது ஏமாற்றமளிக்கும். பித்தளை ஃபில்டரில் சிக்கரி இல்லாமல் டிகாக்‌ஷன் இறக்கிப் பால் சேர்த்தபோது, ஆரஞ்சு காணாமல் போய் வெல்லம் மட்டும் மிஞ்சியது. வீட்டில் உள்ளவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது.

அடுத்த பருவத்தில்

பழம் கூடினால் மேடையும் கூட வேண்டும், கனமாகப் பரப்பினால் பழைய கதைதான். ஆகையால் ஒரே மேடையை அகலப்படுத்தாமல், காற்றுத் திசையில் அதே அளவில் இன்னும் இரண்டு மேடைகளை இடைவெளி விட்டு நிறுத்த இருக்கிறோம். நாலடிக்கு மேல் அகலமானால் நடுவில் இருப்பதைக் கை எட்டிக் கிளற முடியாது. ஜனவரியில் மழை விட்டபின் வரும் கடைசிப் பறிப்பை முழுப் பழமாகவே மேடையில் காயவைத்துப் பார்க்கும் எண்ணமும் உண்டு. முழுப் பழத்துக்கு மேடை இருமடங்கு நாள் பிடிக்கும், எனவே முதல் பறிப்பு மேடையை விட்டு இறங்கிய பிறகே அது நடக்கும். ஓடு நீக்க உலக்கையை நம்ப முடியாது. ரப்பர் உருளை பொருத்திய சிறு நெல் அரவை இயந்திரத்தைக் காப்பிக்கு மாற்றித் தரமுடியுமா என்று வத்தலக்குண்டுப் பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், உருளைகளின் இடைவெளியை எட்டு மில்லிமீட்டர் வரை திறக்க முடிந்தால் வேலை நடக்கும் என்கிறார். மேடைக்கான சில்வர் ஓக் கம்புகளை இப்போதே வெட்டிப் பட்டை உரித்து நிழலில் அடுக்கியாயிற்று. பச்சைக் கம்பில் அடித்த ஆணிகள், கம்பு காய்ந்து சுருங்கியதும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, இந்த முறை இருமுறை முறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது.